தெரிந்தும் விலக முடியாதவன்: கும்பகருணனை இன்று எப்படிப் படிப்பது?

கேள்வி இது: “இதிகாசங்கள் எல்லாம் அரசர்களின் கதை. வீட்டுக் கடன், அலுவலகம், குடும்பப் பூசல் என்று வாழும் நமக்கு அவற்றில் வரும் மனப்போராட்டங்கள் ஏன் இன்னும் உறைக்கின்றன? உண்மையிலேயே அதை உணர வேண்டுமானால் எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?”

வழக்கமாகக் கிடைக்கும் பதில், “மனித உணர்ச்சிகள் எந்தக் காலத்திலும் ஒன்றுதான்” என்பது. இது பாதிதான் சரி. கோபமும் பொறாமையும் துக்கமும் மாலை நேரத் தொடர்களிலும் நிறைய உண்டு. அதற்காகக் காப்பியத்தைத் திறக்க வேண்டியதில்லை. பெருங்காப்பியம் தருவது வேறு. எது சரி என்று ஒருவனுக்கு முழுக்கத் தெரிந்துவிட்ட பிறகும் முடிவு எளிதாகாத ஒரு நிலை உண்டு. அந்த நிலையில் அது நின்று பேசுகிறது. இரு தரப்பு வாதத்தையும் குறைக்காமல், அவசரமாகத் தீர்ப்பும் சொல்லாமல் பேசுகிறது. நம்மைத் தூங்கவிடாத சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். அண்ணன் செய்தது தவறு என்று தெரியும். நிறுவனம் செய்வது தவறு என்று தெரியும். தெரிந்தும் என்ன செய்வது என்பதுதான் தெரிவதில்லை.

இதற்குத் தமிழில் கம்பனின் கும்பகருணனைவிடச் சிறந்த வாசல் இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் நம்மில் பலருக்கு அவன் இரண்டு துண்டுகளாகத்தான் தெரியும். ஒன்று, தூங்குமூஞ்சி. “உறங்குகின்ற கும்பகன்ன! உங்கள் மாய வாழ்வு எலாம் இறங்குகின்றது, இன்று காண், எழுந்திராய்! எழுந்திராய்!” என்ற பாட்டோடு அந்த நினைவு நின்றுவிடும். இன்னொன்று, பட்டிமன்ற மேடையில் வரும் “செஞ்சோற்றுக் கடன் தீர்த்த தம்பி”. இரண்டும் அவனுடைய போராட்டத்தை மறைத்துவிடுகின்றன. அந்தப் போராட்டம் ஒரே இடத்தில் இல்லை. யுத்த காண்டத்தில் மூன்று பேச்சுகளாகப் பிரிந்து கிடக்கிறது. மூன்றையும் வரிசையாக வைத்தால்தான் அவன் மனம் நகர்வது தெரியும்.

முதல் பேச்சு இராவணன் மந்திரப் படலத்தில் வருகிறது. இலங்கை எரிந்த பிறகு கூடிய அவை. மற்றவர்கள் வீரம் பேசுகிறார்கள். கும்பகருணன் எழுந்து அண்ணனின் முகத்துக்கு நேராகச் சொல்கிறான்:

“ஆசு இல் பரதாரம் அவை அம் சிறை அடைப்போம்;
மாசு இல் புகழ் காதலுறுவேம், வளமை கூரப்
பேசுவது மானம்; இடை பேணுவது காமம்;
கூசுவது மானுடரை, நன்று, நம கொற்றம்!”

குற்றமற்ற பிறன் மனைவியைச் சிறையில் வைப்போம், ஆனால் மாசில்லாத புகழுக்கு ஆசைப்படுவோம்; வாயில் மானம், உள்ளே காமம்; மனிதர்களைக் கண்டு கூச்சம் வேறு; நம் ஆட்சி நன்றாக இருக்கிறது! ‘நீ’ என்று சுட்டாமல் ‘நாம்’ என்று தன்னையும் சேர்த்துக்கொண்டு பேசுவதைப் பாருங்கள். தவறைச் செய்தது அண்ணன். வெட்கத்தில் தம்பியும் பங்கு எடுத்துக்கொள்கிறான்.

இத்தோடு நிறுத்தினால் அவன் தெளிவானவன் என்று பாராட்டிவிட்டுப் போய்விடலாம். பலர் அப்படித்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அதே பேச்சில் சற்றுத் தள்ளி அவன் சறுக்குகிறான். “மன்னா! விட்டிடுதுமேல், எளியம் ஆதும், அவர் வெல்ல, பட்டிடுதுமேல், அதுவும் நன்று, பழி அன்றால்” என்கிறான். செய்தது குலத்துக்கு இழிவுதான். ஆனால் இப்போது சீதையை விட்டால் நம்மை எளியவர்கள் என்பார்கள். போரிட்டுச் செத்தால் அதில் பழியில்லை என்பது அதன் பொருள். “தப்புதான், ஆனா இவ்வளவு தூரம் வந்துட்டோம், இனிமே பின்வாங்க முடியாது” என்ற பேச்சு எந்தக் கூட்ட அறையிலும், எந்தக் குடும்பப் பஞ்சாயத்திலும் இன்றைக்கும் கேட்கும். அறிவாளிகள்தான் இதைச் சொல்வார்கள். தவறை முதலில் கண்டுபிடித்தவரே அதைத் தொடர்வதற்கான காரணத்தையும் கண்டுபிடித்துக் கொடுப்பார். கம்பன் இதை மறைக்காமல் எழுதியிருப்பதால்தான் பின்னால் வரும் மாற்றத்துக்கு எடை கூடுகிறது.

இரண்டாவது பேச்சு கும்பகருணன் வதைப் படலத்தில். முந்நூறுக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட நீண்ட படலம் இது. இதில் சம்பவங்கள் எந்த வரிசையில் அடுக்கப்பட்டுள்ளன என்று கவனியுங்கள். முதலில் அவனை எழுப்புகிறார்கள். எழுந்ததும் சோறு: வண்டி வண்டியாக உணவும், குடம் குடமாகக் கள்ளும். பிறகு அண்ணன் முன்னே வந்து வணங்குகிறான், அண்ணன் தழுவிக்கொள்கிறான். அடுத்து அலங்காரம்: நெற்றிப் பட்டம், அணிகலன், கவசம். இதெல்லாம் முடிந்த பிறகுதான் அவன் கேட்கிறான், இந்த ஆயத்தமெல்லாம் என்ன காரணத்துக்காக என்று.

என்னைப் பொறுத்தவரை படலத்தின் மிகக் கூர்மையான இடம் இதுதான். அவனிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. உண்ண வைத்து, அணைத்து, உடுத்திவிட்டு, அதன் பிறகுதான் காரணம் சொல்கிறார்கள். வேண்டாம் என்று சொல்வதற்கு இடமே இல்லாத ஒரு கட்டத்தில் செய்தி வந்து சேர்கிறது. குடும்பத்துக்காக ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி அழைக்கப்பட்ட எவருக்கும் இந்த வரிசை விளங்கும்.

காரணம் கேட்டதும் அவன் வாயிலிருந்து வரும் பாட்டு:

“ஆனதோ வெஞ்சமம்? அலகு இல் கற்புடைச்
சானகி துயர் இனம் தவிர்ந்தது இல்லையோ?
வானமும் வையமும் வளர்ந்த வான் புகழ்
போனதோ? புகுந்ததோ, பொன்றும் காலமே?”

போர் வந்துவிட்டதா? சானகியின் துயரம் இன்னும் தீரவில்லையா? வானிலும் மண்ணிலும் வளர்ந்த புகழ் போய்விட்டதா? அழியும் காலம் வந்துவிட்டதா? நான்கு கேள்விகளில் இரண்டாவது கேள்வி சீதையைப் பற்றியது. புகழும் அழிவும் அதற்குப் பின்னால்தான். முதல் பேச்சில் ‘பிறன் மனைவி’ என்ற குற்றமாக இருந்தவள், இங்கே துயரப்படும் ஒரு பெண்ணாகப் பெயர் பெறுகிறாள். ஆலோசனையும் மாறிவிட்டது. “தையலை விட்டு, அவன் சரணம் தாழ்ந்து”, அதாவது சீதையை விட்டு, இராமனைப் பணிந்து, அவன் பக்கம் போய்விட்ட தம்பி வீடணனோடு மறுபடி ஒன்றுசேர்வதுதான் பிழைக்கும் வழி என்கிறான். விட்டால் எளியவர் ஆவோம் என்ற பழைய கணக்கு போய்விட்டது.

இராவணன் வெடிக்கிறான். இரண்டு மனிதர்களை வணங்கி, கூன் குரங்கைக் கும்பிட்டுப் பிழைப்பது உன் தம்பிக்கும் உனக்கும்தான் பொருந்தும், எனக்கு முடியாது, எழுந்து போ என்கிறான். இங்கே கும்பகருணன் வாதத்தைத் தொடரவில்லை. பொறுத்துக்கொள் என்று வணங்கி விடைபெறுகிறான்:

“வென்று இவண் வருவென் என்று உரைக்கிலேன், விதி
நின்றது, பிடர் பிடித்து உந்த நின்றது;
பொன்றுவென், பொன்றினால், பொலன் கொள் தோளியை,
‘நன்று’ என, நாயக! விடுதி, நன்று அரோ.”

வென்று திரும்புவேன் என்று சொல்ல மாட்டேன், விதி பிடரியைப் பிடித்துத் தள்ளுகிறது, சாவேன், செத்தால், அப்போதாவது அவளை விட்டுவிடு. தன் பேச்சால் ஆகாததைத் தன் பிணத்தால் ஆக்கப் பார்க்கிறான். அடுத்து, இன்றுவரை நான் செய்த குற்றம் ஏதும் இருந்தால் பொறுத்துக்கொள், இனி முகத்தில் விழிப்பது இல்லை என்று சொல்லிப் புறப்படுகிறான். அவன் போகும்போது இராவணனுடைய எல்லாக் கண்களிலிருந்தும் நீரோடு குருதியும் வழிந்தது என்று கம்பன் எழுதுகிறான். இந்தப் பாட்டைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இராவணன் தம்பியைப் பயன்படுத்திக்கொள்ளும் கொடியவன் மட்டுமாக இருந்திருந்தால் கும்பகருணனுக்குச் சிக்கலே இல்லை. அவன் தம்பியை நேசிக்கிறான். நேசிப்பவன் கேட்கும்போதுதான் மறுப்பது கடினம்.

மூன்றாவது பேச்சு போர்க்களத்தில். அங்கே வீடணன் வருகிறான். இராமன் அனுப்பித்தான் வருகிறான். கும்பகருணன் நினைப்பதோ வேறு. தம்பி தனியே ஏன் மீண்டு வந்தான் என்று பதறுகிறான். “உய்ந்தனை, ஒருவன் போனாய் என மனம் உவக்கின்றேன்” என்று உச்சி மோந்து அணைக்கிறான். நம் குலத்தில் நீ ஒருவனாவது பிழைத்தாய் என்ற நிம்மதி. கட்சி மாறிப் போன தம்பியைத் துரோகி என்று அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

வீடணன் முன்வைப்பது நல்ல வாதம், மனம் உருகிச் சொல்லும் வாதம். இராமன் எனக்குத் தந்த இலங்கை அரசை உனக்குத் தருகிறேன், உன் ஏவல் கேட்டு நிற்கிறேன் என்கிறான். அவனிடம் பேராசை இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதற்குக் கும்பகருணன் சொல்லும் பதில்தான் எல்லோரும் அறிந்த பாட்டு:

“நீர்க்கோல வாழ்வை நச்சி, நெடிது நாள் வளர்த்துப் பின்னை,
போர்க்கோலம் செய்து விட்டாற்கு உயிர் கொடாது, அங்குப் போகேன்;
தார்க்கோல மேனி மைந்த! என் துயர் தவிர்த்தி ஆகின்,
கார்க்கோல மேனியானைக் கூடுதி, கடிதின் ஏகி.”

என்னை நெடுநாள் வளர்த்துப் போர்க்கோலம் பூட்டி அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல், நீரில் போட்ட கோலம் போன்ற வாழ்வுக்கு ஆசைப்பட்டு அங்கே வர மாட்டேன்; என் துயரம் தீர வேண்டுமென்றால் நீ சீக்கிரம் இராமனிடமே போய்ச் சேர். முதல் இரண்டு அடியோடு மேற்கோளை முடித்துக்கொள்வது பெரும் பிழை. பின் இரண்டு அடியில்தான் அவன் தம்பியை மறுபக்கத்துக்கே திருப்பி அனுப்புகிறான். தான் இருப்பதும் சரி, அவன் போவதும் சரி. ஒரே மனத்தில் இரண்டும் இடம்பெறுகின்றன. உனக்கு அது தக்கது, எனக்கு இந்த மரணம்தான் புகழ் என்று வெளிப்படையாகவே சொல்லவும் செய்கிறான்.

இன்னொரு பாட்டு அவனுடைய வாதத்தின் எலும்புக்கூடு:

“கருத்து இலா இறைவன் தீமை கருதினால், அதனைக் காத்துத்
திருத்தலாம் ஆகின் நன்றே. திருத்துதல் தீராது ஆயின்,
பொருத்து உறு பொருள் உண்டாமோ? பொரு தொழிற்கு உரியர் ஆகி,
ஒருத்தரின் முன்னம் சாதல், உண்டவர்க்கு உரியது அம்மா.”

தலைவன் தீமை நினைத்தால் திருத்திப் பார். முடியாவிட்டால், அவன் சோற்றை உண்டவன் அவனுக்கு முன்னால் சாக வேண்டும். இது வெறும் விசுவாசம் என்று நினைத்தால் முதல் பகுதியை மறந்துவிட்டோம் என்று பொருள். திருத்தும் கடமை முன்னே வருகிறது. சாகும் கடமை அதற்குப் பின்புதான். இரண்டு முறை திருத்திப் பார்த்தவனுக்குத்தான் இதைச் சொல்லும் உரிமை உண்டு. வாயே திறக்காமல் இருந்துவிட்டு, பின்னால் ‘உப்பிட்டவர்’ என்று காரணம் சொல்பவருக்கு இந்தப் பாட்டு துணை வராது.

பிரியும்போது தம்பியை மீண்டும் மார்பு இறுக அணைத்து, நீர் நிறைந்த கண்ணால் நெடுநேரம் பார்த்து, “இன்றொடும் தவிர்ந்தது அன்றே, உடன்பிறப்பு” என்று சொல்லி விடுகிறான். வீடணன் அவன் காலில் விழுகிறான். திரும்பிப் போய் இராமனிடம் சொல்லும்போது அவன் அண்ணனைக் குறைசொல்லவில்லை; பேச வேண்டியதையெல்லாம் பேசிவிட்டேன், குல மானத்தை அவன் சிறிதும் விடவில்லை என்கிறான். இராமனும் வெற்றிக் களிப்பில் இல்லை. உன் கண்ணெதிரே உன் அண்ணனை வீழ்த்துவது இனிதன்று என்பதால்தான் அழைக்கச் சொன்னேன் என்கிறான்.

இனி, படிக்கும்போது எங்கே தடம் மாறுகிறது என்று சொல்கிறேன்.

பெரிய தவறு, உடனே தீர்ப்பு எழுதுவது. கும்பகருணனா, வீடணனா என்று மேடையில் வாதிடுவது நல்ல பயிற்சிதான். ஆனால் மேடைக்கு முடிவு வேண்டும், காப்பியத்துக்கு வேண்டியதில்லை. தனியாகப் படிக்கும்போது தீர்ப்பைத் தள்ளிவைத்து, ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: இவன் இப்போது எதைத் தவறு என்கிறான், எதைச் செய்யச் சொல்கிறான், எதை விட மறுக்கிறான். மூன்று பேச்சுக்கும் இந்த மூன்று கேள்வியைப் போட்டால் ஒன்பது வரி. அந்த ஒன்பது வரியிலேயே அவன் மனம் எங்கே நகர்ந்தது, எங்கே நகரவே இல்லை என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது, நம் வாழ்க்கையை அப்படியே அவன்மேல் போர்த்துவது. அவனை ‘விசுவாசமான ஊழியர்’ ஆக்கினால் பாதி போய்விடும். ஊழியர் ராஜினாமா செய்யலாம். அவனுக்குக் கட்டு மூன்று மடங்கு: இரத்தம், வளர்ப்பு, சோறு. அலுவலகத்தைவிட, உடன்பிறந்தவன் செய்த குற்றத்துக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டியவரின் நிலைதான் அவனுக்கு நெருக்கம். மானம், குலம் என்ற சொற்களையும் பழங்காலத்து அலங்காரமாகத் தள்ளிவிடாதீர்கள். அந்த உலகத்தில் அவை ஆளைக் கொல்லும் அளவுக்கு உண்மையானவை. அவன் சாகும் தருவாயில் இராமனிடம் கேட்பதைப் பாருங்கள். தம்பியைக் காப்பாற்று என்று கேட்கிறான். பிறகு, சுக்கிரீவன் கடித்துப் பறித்ததால் மூக்கில்லாமல் போன என் முகத்தை முனிவரும் தேவரும் பார்க்காதபடி, தலையை அறுத்துக் கருங்கடலுள் போக்கிவிடு என்று கேட்கிறான். தம்பிமேல் உள்ள பாசமும் முகத்தைப் பற்றிய மானமும் ஒரே மூச்சில் வருகின்றன. நமக்குப் பழக்கமான முதல் வேண்டுகோளை வைத்துக்கொண்டு, பழக்கமில்லாத இரண்டாவதை விட்டுவிட்டால் அது கும்பகருணன் இல்லை.

மூன்றாவது தவறுதான் என்னை அதிகம் வருத்துவது. அண்ணன் தம்பி பாசத்தில் உருகிப்போய்ச் சீதையை மறந்துவிடுகிறோம். அவன் கடன் தீர்ப்பதற்கான விலையில் ஒரு பங்கை அசோகவனத்தில் இருப்பவள் கொடுக்கிறாள். அவன் மாபெரும் மனிதன். அவன் போரிட்டது அவளைச் சிறை வைத்தவனுக்காக. இரண்டும் உண்மை, ஒன்று மற்றொன்றைக் கழுவிவிடாது. வதைப் படலத்தைத் தொடங்கும் முன் சுந்தர காண்டத்தின் காட்சிப் படலத்தைப் படித்துவிடுங்கள். அவள் இருக்கும் நிலையைப் பார்த்துவிட்டு வந்தால், “சானகி துயர் இனம் தவிர்ந்தது இல்லையோ” என்ற வரி வேறு விதமாக ஒலிக்கும்.

நடைமுறைக்கு: நான்கு மாலைப் பொழுது போதும். முதல் நாள் காட்சிப் படலம், இரண்டாம் நாள் இராவணன் மந்திரப் படலம், மூன்றாம் நாள் வதைப் படலத்தில் அவன் விடைபெறுவது வரை, நான்காம் நாள் வீடணன் சந்திப்பும் முடிவும். இடையிலுள்ள போர்ப் பாடல்களை முதல் வாசிப்பில் வேகமாகக் கடக்கலாம். சந்தி பிரித்து அச்சிட்ட, உரையுள்ள பதிப்பாக எடுங்கள், வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியார் உரை சொல் சொல்லாக விளக்கும். பாடல் எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறுபடும் என்பதால், எண்ணை நம்பாமல் முதலடியை வைத்துத் தேடுங்கள். முதலில் பாட்டை வாய்விட்டுப் படித்துவிட்டு, அப்புறம் உரைக்குப் போங்கள். உரையை முதலில் படித்தால் கருத்து கிடைக்கும். அவன் தடுமாறும் இடங்கள் காதில் விழாது.

இதே கேள்வியை வேறு காப்பியங்களில் தொடர விரும்பினால், மகாபாரதத்தின் உத்தியோக பர்வத்தில் கர்ணன் இருக்கிறான். பிறப்பைக் கண்ணன் சொன்ன பிறகும் அவன் வர மறுக்கிறான். வளர்த்த அதிரதனையும் ராதையையும் விட முடியாது என்கிறான். இதைத் தருமனிடம் சொல்லாதே, சொன்னால் அவன் அரசை எனக்குத் தருவான், நான் அதைத் துரியோதனனுக்குக் கொடுத்துவிடுவேன் என்றும் வேண்டிக்கொள்கிறான். தன் பக்கம் தோற்கும் என்று தெரிந்த இன்னொருவன். ஆனால் கும்பகருணனுக்கு இருந்தது போன்ற சுத்தமான கைகள் இவனுக்கு இல்லை. திரௌபதியை அவையில் இழிவாகப் பேசியவன். அதனால் அவனுக்காக அழுவது வாசகருக்கு இன்னும் சிரமம்.

கிரேக்க இலியட்டில் இதன் மறுபக்கம் கிடைக்கும். தலைவன் அகமெம்னான் அநீதி செய்ததும் அக்கிலீஸ் போரிலிருந்து விலகிக்கொள்கிறான்; அந்த விலகலுக்கு விலை அவன் உயிர்த்தோழன் பட்ரோக்ளஸின் சாவு. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களுக்குச் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் ஜானதன் ஷே, அவர்கள் சொன்னவற்றை அக்கிலீஸின் கதையோடு அருகருகே வைத்து 1994-இல் ஒரு நூல் எழுதினார். நியாயத்தை மீறும் தலைமை, தோழனின் சாவு, அதன்பின் கட்டுக்கடங்காத வெறி என்ற வரிசை இரண்டிலும் இருந்தது. அவர் அக்கிலீஸுக்கு ஒரு நோயின் பெயரைச் சூட்டிவிட்டு நகரவில்லை. நிகழ்ச்சிகளின் வரிசையைப் பின்தொடர்ந்தார். நமக்கும் அந்த முறைதான் ஏற்றது.

போருக்குப் பிந்தைய துயரம் வேண்டுமென்றால் சாந்தி பர்வத்தின் தொடக்கத்துக்குப் போங்கள். கர்ணன் தன் அண்ணன் என்று அறிந்த தருமன், இந்த வெற்றி தோல்வியாகவே தெரிகிறது என்று சொல்லிக் காட்டுக்குப் போகத் துடிக்கிறான். தம்பிகள், திரௌபதி, வியாசர், கண்ணன் என்று ஒவ்வொருவராக வந்து வாதிடுகிறார்கள். ஒவ்வொரு வாதமும் நல்ல வாதம்தான். அவன் துக்கம் அசையவில்லை. முடிசூடுகிறான், பீஷ்மரின் நீண்ட உபதேசங்களைக் கேட்கிறான், அதற்குப் பிறகும் அசுவமேத பர்வத்தின் முதலில் கங்கைக் கரையில் துவண்டு விழுகிறான். சாந்தி பர்வத்தின் அந்த முதல் அத்தியாயங்களை, பீஷ்மர் பேசத் தொடங்கும் இடத்துக்குத் தாவிவிடாமல் படியுங்கள். யார் எந்த வாதத்தோடு வருகிறார்கள், அதற்குத் தருமன் என்ன பதில் சொல்கிறான் என்று மேலே சொன்ன அதே முறையில் குறித்துக்கொண்டே போகலாம்.